நஞ்சுக் கோப்பைக்கு ஆள் உண்டு, நடுவர் இருக்கைக்கு?

மன்றத்து ஆண்டு விழா என்றால் நாடகம் உண்டு. நாடகம் என்றால் வரலாற்று நாடகமே வேண்டும் என்பர் நம் இளைஞர்கள். வரலாறு என்றதும் அவர்கள் நெஞ்சில் முதலில் எழும் உருவங்களில் ஒன்று ஏதென்ஸ் நகரத்துக் கிழவர் சாக்ரடீஸ். வெள்ளைத் துணி ஒன்று, பஞ்சுத் தாடி ஒன்று, பித்தளைக் கோப்பை ஒன்று. இவை கிடைத்துவிட்டால் போதும், கிரேக்கமே எழுந்து வந்து மேடையில் நிற்கிறது என்று மகிழ்ந்து போகிறோம்! ஒத்திகையின் முதல் நாளன்று, "சாக்ரடீஸ் வேடம் யாருக்கு?" என்று கேட்டால் பத்துக் கைகள் உயர்கின்றன. "அனிட்டஸ் யார்?" என்றால் இரண்டு கைகள், அவையும் தயங்கித் தயங்கி. "நடுவர்கள் யார்?" என்ற கேள்வியோ எழுவதே இல்லை. எழாத அந்தக் கேள்வியைத்தான் இங்கு எழுப்ப விரும்புகிறேன்.

இந்த ஆர்வத்தின் ஊற்றுக்கண் எது என்று நமக்குத் தெரியும். 1956-இல் வெளிவந்த 'ராஜா ராணி' படத்தில், கலைஞர் மு. கருணாநிதி தீட்டிய உரையாடலைச் சிவாஜி கணேசன் சாக்ரடீசாக நின்று முழங்கினார். கிரேக்க நாடு எத்திசையில் இருக்கிறது என்று அறியாதவர்களும் அந்தப் பெயரை அறிந்தனர். சிந்தித்த குற்றத்துக்காக ஒரு மனிதன் சாவை ஏற்றான் என்ற செய்தி எழுத்தறியாத வீட்டுத் திண்ணைக்கும் போய்ச் சேர்ந்தது. அது அருந்தொண்டு, மறுப்பார் இல்லை. ஆனால் அது கதைக்குள் வந்த ஒரு குறு நாடகம். திரைக்கென எழுதிய உரையாடலைத் திரைக்கலையாகத்தான் மதிப்பிட வேண்டும். அதை மனப்பாடம் செய்து மேடையேற்றி, மேலே 'வரலாறு' என்று பலகை தொங்கவிடும்போதுதான் வழக்குத் தொடங்குகிறது. பிழை திரைப்படத்தின் மேல் இல்லை, பலகை எழுதியவர்மேல்!

அண்மையில் அப்படி ஒரு பலகையைக் கண்டேன். ஊர்ப்பெயர் வேண்டாம், மன்றத்தின் பெயரும் வேண்டாம். உழைத்த இளைஞர்களைப் புண்படுத்துவது நோக்கமன்று. 'நடந்தது நடந்தபடி' என்று துண்டறிக்கை சொல்லிற்று. திரை விலகியது. அரியணையில் ஓர் அரசன்! அவனுக்கு இருபுறமும் ஈட்டி ஏந்திய காவலர். குற்றம் சாட்டியவர்கள் இருவர். ஒருவர் திக்கிப் பேசினார், மற்றவர் தொந்தியைத் தட்டிக்கொண்டு வந்தார். அவையோர் கைகொட்டிச் சிரித்தனர். சாக்ரடீஸ் வந்தார், கணீரென்ற குரல், தெளிந்த உச்சரிப்பு. கடவுள் இல்லை, கோவில் இல்லை, சடங்கு இல்லை என்று கால் மணி நேரம் முழங்கினார். அரசன் சினந்தான், நஞ்சு வந்தது, கிழவர் சாய்ந்தார், திரை விழுந்தது. கைதட்டல் வானைப் பிளந்தது!

நடிப்புக்கு நூற்றுக்கு எண்பது கொடுப்பேன். வரலாற்றுக்கு?

கி.மு. 399-இல் ஏதென்சில் அரசன் இல்லை. அது குடியாட்சி நாடு. அந்த வழக்கில் இன்று நாம் காண்பது போன்ற நீதிபதியும் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. குற்றம் சாட்டியவர்கள் அரசின் ஆட்கள் அல்லர். மெலிட்டஸ், அனிட்டஸ், லைக்கன் என்ற மூன்று குடிமக்கள். தீர்ப்பளித்தவர்கள் சீட்டுக் குலுக்கித் தெரிந்தெடுக்கப்பட்ட குடிமக்கள். முப்பது வயது கடந்த ஆண்கள். எத்தனை பேர்? 501 பேர் என்று அறிஞர்கள் பலரும் கணக்கிடுகின்றனர். ஒரு நாள் வேலைக்கு மூன்று ஒபல் கூலி பெற்ற எளிய மனிதர்களும் அவர்களில் இருந்தனர். முப்பது வாக்குகள் மாறி விழுந்திருந்தால் தாம் விடுதலை பெற்றிருக்கக்கூடும் என்று சாக்ரடீஸ் சொன்னதாகப் பிளேட்டோ எழுதுகிறார். அதைக்கொண்டு கணக்கிட்டால், ஏறத்தாழ 280 பேர் குற்றவாளி என்றனர்; 221 பேர் குற்றமற்றவர் என்றனர்.

எண்ணிப் பாருங்கள் தோழர்களே! ஒரு கொடுங்கோலன் கொன்றான் என்பது எளிய கதை. கொடுங்கோலனைச் சபித்துவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாக உறங்கலாம். வாக்குரிமை பெற்ற, சட்டம் அறிந்த, குடியாட்சியைக் காதலித்த மக்கள் காலையில் கூடி, இரு தரப்பையும் கேட்டு, கணக்காக வாக்களித்து, மாலைக்குள் ஒரு சிந்தனையாளனைச் சாவுக்கு அனுப்பினார்கள் என்பதோ உறங்கவிடாத கதை. மேடையில் அரியணை போட்டவுடன் இந்தக் கதை செத்துவிடுகிறது. சாக்ரடீசுக்கு முன்னே அரங்கில் நஞ்சுண்டு மாய்வது உண்மைதான்!

அப்படியானால் எந்த உரையை நம்புவது? இங்கேதான் நாடகக் குழுவின் உண்மையான வேலை தொடங்குகிறது. சாக்ரடீஸ் தம் கொள்கையை நூலாக எழுதி வைத்தவர் அல்லர். மன்றத்தில் அவர் பேசியதைக் குறித்து இரு மாணவர்கள் எழுதிய நூல்கள் நமக்குக் கிடைத்துள்ளன. ஒருவர் பிளேட்டோ, வழக்கு நடந்த இடத்தில் இருந்தவர். மற்றவர் செனபோன், அப்போது ஆசிய மண்ணில் ஒரு போர்ப் பயணத்தில் இருந்தவர். ஹெர்மொஜெனஸ் என்ற நண்பர் சொல்லக் கேட்டு எழுதியவர். இருவரும் எல்லாவற்றிலும் ஒத்துப்போகவில்லை. குற்றவாளி என்ற தீர்ப்புக்குப் பின், தமக்குரிய தண்டனையைத் தாமே முன்மொழியும் உரிமை சாக்ரடீசுக்கு இருந்தது. நகரப் பொது மண்டபத்தில் தமக்கு விருந்தளிக்க வேண்டும் என்று முதலில் சொல்லி, பின்னர் நண்பர்களின் பொறுப்பில் முப்பது மினா தண்டம் கட்டுவதாக அவர் சொன்னார் என்கிறார் பிளேட்டோ. எந்தத் தண்டனையையும் முன்மொழிய மறுத்துவிட்டார் என்கிறார் செனபோன்.

இரண்டையும் கலந்து ஒரு கூட்டுக்கறி சமைத்துவிடலாமா? கூடாது. எதை எடுக்கிறோமோ அதை அறிவித்துவிட்டு எடுக்க வேண்டும். இந்தக் காட்சி பிளேட்டோ சொன்னபடி, அந்தக் காட்சி செனபோன் சொன்னபடி, மற்றது எங்கள் கற்பனை என்று அறிவிப்பாளர் ஒருவர் மேடையின் ஓரத்தில் நின்று சொல்லட்டுமே! நாடகத்தின் சுவை இதனால் குன்றும் என்று அஞ்ச வேண்டாம். சான்றுக்கும் கற்பனைக்கும் இடையே கோடு கிழிக்கக் கற்ற அவையினர், மறுநாள் செய்தித்தாளைப் படிக்கும்போதும் அந்தக் கோட்டைத் தேடுவார்கள். பகுத்தறிவுப் பயிற்சி வேறு எதற்கு?

நஞ்சுண்ட காட்சியின் கதை இன்னும் வியப்பானது. நம் நடிகர்கள் எல்லாரும் ஆசைப்படும் அந்தக் காட்சி பிளேட்டோவின் 'பீடோ' என்ற நூலிலிருந்து வந்தது. அந்த நூலிலேயே ஒரு குறிப்பு உண்டு: அன்று சிறைச்சாலையில் இருந்தவர்களின் பட்டியலில் பிளேட்டோ இல்லை, அவருக்கு உடல்நலம் இல்லை போலும் என்று ஒரு பாத்திரத்தின் வாயால் அவரே சொல்லிவிடுகிறார். எத்தகைய நேர்மை! தாம் காணாததைக் கண்டதாகச் சொல்லவில்லை. பின்வந்த நாமோ அவரையும் அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டோம். 1787-இல் பிரெஞ்சு ஓவியர் ஷாக்-லூயி தாவித் வரைந்த புகழ்பெற்ற ஓவியத்தில், கட்டிலின் கால்மாட்டில் தலை கவிழ்ந்து அமர்ந்திருக்கும் நரைமுடிக் கிழவரே பிளேட்டோ. உண்மையில் அந்நாளில் அவர் முப்பது வயதையும் எட்டாத இளைஞர்; அந்த அறையில் இல்லாதவர். ஒரு கை விண்ணைச் சுட்ட, மறு கை கோப்பையை நோக்கி நீளும் அந்தத் தோற்றத்தைத்தான் நம் மேடைகள் இன்றும் காட்டிக்கொண்டிருக்கின்றன. ஓவியத்தைப் பார்த்து நாடகம், நாடகத்தைப் பார்த்து நாடகம். மூல நூலைப் பார்த்தவர் எத்தனை பேர்? பெஞ்சமின் ஜோவெட் பத்தொன்பதாம் நூற்றாண்டில் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு காசில்லாமலே படிக்கக் கிடைக்கிறது. ஒத்திகைக்கு முன் ஒரு வாரம் அதை வைத்துக்கொண்டு உட்காரக் கூடாதா?

உட்கார்ந்தால் ஓர் அதிர்ச்சி காத்திருக்கிறது. நமக்கே, பகுத்தறிவு பேசும் நமக்கே! நூல்களில் உள்ள சாக்ரடீஸ் கடவுள் மறுப்பாளர் அல்லர். தம்மை நாத்திகர் என்று மெலிட்டஸ் சொன்னபோது, குறுக்குக் கேள்விகளால் அவரை மடக்கி அந்தப் பழியை மறுக்கிறார். தமக்குள் ஒரு குரல் ஒலித்து, செய்யத்தகாததைத் தடுக்கிறது என்கிறார். தம் வாழ்க்கைப் பணியையே டெல்பி கோவிலின் அருள்வாக்கோடு இணைத்துப் பேசுகிறார். தன்னைத்தான் அறியச் சொல்லும் அந்தப் புகழ்பெற்ற வாசகமும் அவர் ஆக்கியதன்று. அதே டெல்பி கோவிலில் பொறித்திருந்த மொழி. உயிர் பிரியும் வேளையில் அஸ்கிளீப்பியஸ் என்ற மருத்துவத் தெய்வத்துக்கு ஒரு சேவல் செலுத்த வேண்டும் என்று கிரிட்டோவிடம் நினைவூட்டியதாகப் 'பீடோ' முடிகிறது.

இவற்றையெல்லாம் வெட்டிவிட்டு, நமது சொற்பொழிவை அவர் வாயில் திணிக்கிறோம். ஏன்? பெரியவர் ஒருவர் நம் பக்கம் இருந்தால் தெம்பு என்று எண்ணுகிறோம். பெரியவர் சொன்னார் என்பதற்காக எதையும் ஏற்காதே என்று ஊருக்கு உரைப்பவர்கள் நாம்! நமக்கு மட்டும் ஒரு முனிவர் தேவையா? சேவலை மேடைக்குக் கொண்டுவாருங்கள். அவர் நம்பியதை அவர் நம்பியபடியே பேசட்டும். கேள்வி கேட்கும் உரிமைக்காக அவர் நின்றார்; அந்த உரிமையைக் கொண்டாடுவதற்கு அவர் நம்மைப் போலவே எண்ணியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை எதற்கு? மாற்றுக் கருத்துடையவனின் உரிமையைக் காப்பதுதான் கருத்துரிமை. தன் கருத்துடையவனைக் காப்பதற்குப் பெயர் வேறு.

இனிப் பாத்திரங்களுக்கு வருவோம். குழுவின் சிறந்த நடிகர் யாரோ, அவருக்கு அனிட்டஸ் வேடத்தைக் கொடுங்கள். வியப்பாக இருக்கிறதா? காரணம் சொல்கிறேன்.

நெடிய போரில் தோற்று, கி.மு. 404-இல் ஏதென்ஸ் ஸ்பார்ட்டாவின் காலடியில் விழுந்தது. முப்பதின்மர் என்ற கொடுங்குழு ஆட்சியைப் பிடித்தது. 1,500 பேருக்குக் குறையாமல் அவர்கள் கொன்றார்கள் என்று அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் ஏதென்ஸ் அரசியல் நூல் கூறுகிறது. அந்தக் குழுவின் முன்னணியில் நின்ற கிரிட்டியாஸ் ஒரு காலத்தில் சாக்ரடீசோடு பழகியவர், பிளேட்டோவின் உறவினர். பகைவர் பக்கம் தாவிய அல்சிபியாடிஸும் சாக்ரடீசின் வட்டத்தில் இருந்தவர். அனிட்டஸ் யார்? தோல் பதனிடும் தொழிலால் செல்வம் பெற்றவர். முப்பதின்மர் காலத்தில் உடைமையை இழந்தவர். நாடு கடந்து, போராடி, கி.மு. 403-இல் குடியாட்சியை மீட்டுத் திரும்பியவர்களுள் ஒருவர். அவ்வாண்டு பொது மன்னிப்பு வந்தது. பழைய அரசியல் குற்றங்களைக் கிளறக் கூடாது என்று உறுதி செய்தனர். ஆகவே குற்றப்பத்திரிகையில் கிரிட்டியாஸின் பெயர் இல்லை. நகரத்தின் தெய்வங்களை ஏற்கவில்லை, புதிய தெய்வங்களைப் புகுத்தினார், இளைஞரைக் கெடுத்தார் என்பவையே இருந்தன.

குற்றம் சாட்டியவர்களின் உரைகள் அழிந்துவிட்டன. நமக்குக் கிடைத்த சான்றெல்லாம் நண்பர்களின் சான்று. அப்படியிருக்க, எதிர்த்தரப்பு நாவிழந்து கிடக்கும்போது அவர்களைக் கோமாளிகளாக்குவது வீரமா? அமெரிக்க இதழாளர் ஐ.எஃப். ஸ்டோன் முதுமையில் கிரேக்கம் கற்று, அந்தத் தரப்பின் அச்சம் எதுவாக இருக்கலாம் என்று ஆராய்ந்து 1988-இல் ஒரு நூலே வெளியிட்டார். அவர் முடிவுகளை ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் அந்த உழைப்பு நமக்குப் பாடம். "நான் நாடு கடந்து திரிந்தேன், என் தோழர்களைக் கொன்றார்கள், கொன்றவன் இவரிடம் பாடம் கேட்டவன். இளைஞர்களுக்கு இவர் என்ன கற்பித்தார் என்று நான் கேட்கக் கூடாதா?" என்று ஒரு நல்ல நடிகர் அனிட்டஸாக நின்று கேட்கட்டும். 'இது எங்கள் கற்பனை உரை' என்ற அறிவிப்போடு கேட்கட்டும். அவை அப்போது சிரிக்காது. நாற்காலியின் நுனிக்கு வரும்.

சாக்ரடீசிடம் அதற்கு விடை இருக்கிறது. நம் நாடகங்கள் அவற்றைத் தொடுவதே இல்லை. கி.மு. 406-இல், கடற்போரில் வென்றும் வீரர்களை மீட்கத் தவறிய தளபதிகளை ஒரே வாக்கெடுப்பில் கூட்டாகத் தண்டிக்க மக்கள் மன்றம் கொதித்தபோது, அது சட்டத்துக்கு முரண் என்று எதிர்த்து நின்றார். முப்பதின்மர் ஆட்சியில், லியோன் என்பவரைச் சலமிஸ் தீவிலிருந்து பிடித்துவர ஐவரை ஏவினர். நால்வர் போனார்கள்; சாக்ரடீஸ் தம் வீட்டுக்கு நடந்தார். மக்கள் கொதித்தபோதும் மறுப்பு, கொடுங்கோலர் மிரட்டியபோதும் மறுப்பு! இந்த இரு காட்சிகளுக்கு முன் பத்துப் பக்க வசனம் எம்மாத்திரம்?

ஒப்பனையைப் பற்றியும் ஒரு சொல். சப்பை மூக்கு, பிதுங்கிய கண்கள், செருப்பணியாக் கால்கள். இவை சாக்ரடீசின் உருவமாக நூல்கள் தருபவை. மெலிட்டசுக்கு நீண்ட முடியும் சிறு தாடியும் வளைந்த மூக்கும் உண்டென்று பிளேட்டோ எழுதுகிறார். முடிந்தால் செய்யுங்கள், முடியாவிட்டால் கவலை வேண்டாம். உண்மை தாடியில் இல்லை. ஏதென்ஸ் மேடையில் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினர். ஏதென்ஸ் மன்றத்தில் பெண்ணுக்கும் அடிமைக்கும் இடமே இல்லை. அந்தக் குறையை அறிவிப்பாளர் வாயால் உரக்கச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, நன்றாகப் பேசும் பெண் இருந்தால் அவரையே சாக்ரடீசாக நிறுத்துங்கள். நாம் கட்டுப்பட வேண்டியது சான்றுக்கு, மீசைக்கு அன்று. சிறையில் கண்ணீர் விட்டுத் திரும்பிய பணியாள் வேடத்தையும் மறவாதீர்கள். அதிகாரத்தின் கடைசிக் கூலியாள் அழுகிறான். ஆணையிட்டவர்கள் அங்கே இல்லை. நான்கே வரிப் பாத்திரம். ஆயினும் நாடகத்தின் மனச்சான்று அது.

இப்போது நடுவர்கள். 501 பேரை எங்கே தேடுவது? தேடவே வேண்டாம், எதிரே அமர்ந்திருக்கிறார்கள்! நுழைவாயிலில் ஒவ்வொருவர் கையிலும் இரண்டு அட்டை வட்டுகள் கொடுங்கள்; ஒன்றில் துளை இருக்கட்டும், ஒன்றில் இல்லாதிருக்கட்டும். அடுத்த நூற்றாண்டு ஏதென்சில் வெண்கல வட்டுகளால் வாக்களித்தனர். நடுவே உள்ள அச்சு துளையுடையதானால் குற்றம் சாட்டியவருக்கு, அடைபட்டதானால் குற்றம் சாட்டப்பட்டவருக்கு. அத்தகைய வட்டுகள் அகழ்வில் கிடைத்துள்ளன. பேச்சுக்கு நேரம் அளக்க அடியில் துளையிட்ட மண்பானை போதும்; ஏதென்சில் கிடைத்த நீர்க்கடிகாரப் பானை ஒன்று ஏறத்தாழ ஆறு நிமிடத்தில் வடியக்கூடியது. குயவரிடம் சொன்னால் நாளைக்கே கிடைக்கும். அங்கே நடுவர்கள் கூடிக் கலந்து பேசுவதில்லை, கேட்டார்கள், வாக்களித்தார்கள். நம் அவையும் அப்படியே செய்யட்டும்.

எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களோடு இதைச் செய்து பார்த்தேன். இரு தரப்பும் சம நேரம் பேசின. வட்டுகளை எண்ணினோம். குற்றவாளி என்று வாக்களித்தவர்கள் எதிர்பார்த்ததைவிட மிகுதி. வகுப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். "இவர் யார் என்று தெரிந்தும் ஏனப்பா இப்படிச் செய்தாய்?" என்று ஒரு பையனைக் கேட்டேன். "அனிட்டஸ் பேசினப்போ எனக்குக் கோபம் வந்துட்டுது சார்" என்றான். ஓராண்டு முழுவதும் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தாலும் அந்த ஒரு வரியை நான் கற்பித்திருக்க முடியாது. கோபம் எப்படி வாக்காகிறது, வாக்கு எப்படி நஞ்சாகிறது என்பதை அவன் தன் கையாலேயே கண்டுகொண்டான்.

2012 மே மாதத்தில் ஏதென்ஸ் நகரிலேயே இவ்வழக்கை மீண்டும் நடத்திப் பார்த்தார்கள். பத்து நீதிபதிகள் அமர்ந்தனர். ஐவர் ஒரு பக்கம், ஐவர் மறுபக்கம். வாக்குச் சமமானதால் சாக்ரடீஸ் விடுதலை! இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்குப் பிறகும், சட்டம் கற்றவர்கள் நடுவிலும், முடிவு ஒருமனதாக வரவில்லை என்பதைக் கவனியுங்கள். நம் ஊர் மேடையிலோ தீர்ப்பைத் திரை விலகுமுன்பே எழுதிவிடுகிறோம்.

இப்படி நடத்தினால் கைதட்டல் குறையும் என்பர் சிலர். குறையலாம். அவையில் ஒருவர் சாக்ரடீசுக்கு எதிராக வாக்களித்துவிட்டு முகம் வாடி வீடு திரும்பலாம். திரும்பட்டுமே! தீயவனைக் கண்டு சீறுவதற்கு நாடகம் வேண்டியதில்லை. எந்தக் கூட்டத்துக்கும் அது தானாகவே வரும். கூட்டத்தின் நடுவே நிற்கும்போது தன் கையில் உள்ள வட்டு எந்தப் பக்கம் விழுகிறது என்று கவனிக்கத்தான் பயிற்சி வேண்டும். நாளை நம் இளைஞர்களில் பெரும்பாலோருக்குச் சாக்ரடீசாகும் வாய்ப்பு வரப்போவதில்லை. வாக்காளராக, ஊர்க்கூட்டத்தில் கை தூக்குபவராக, ஒருவன்மேல் பழி எழும்போது நம்புவதா ஆராய்வதா என்று முடிவு செய்பவராக ஆகும் வாய்ப்பு ஒவ்வொருவருக்கும் வரும், நாள்தோறும் வரும்.

ஆகவே அடுத்த ஆண்டு விழாவுக்கு ஆயத்தமாகும் தோழர்களே! அரியணையைத் திருப்பி அனுப்புங்கள். மூல நூலை வாங்குங்கள். கோப்பை ஏந்த ஒருவர் போதும். அதை அவர் கையில் கொடுத்தவர்களின் இருக்கையில் ஊரை அமர்த்துங்கள். பிறகு வாக்குகளை எண்ணி, எண்ணிக்கையை உரக்கப் படியுங்கள்.